ஏலமும் லேலமும்: எல்லைப்புற வாணிகச் சொல் ஒன்றின் வரலாறு

பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளின் கிழக்கு எல்லையிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கி வருகின்றன. மலையாளத்தில் நறுமணப் பொருள் 'ஏலம்' எனவும், போட்டியில் விலை கூறி விற்கும் முறை 'லேலம்' எனவும் வழங்கும். தமிழில் இரண்டும் 'ஏலம்' என்றே வழங்குகின்றன. ஏலக்காய் விற்கும் முறையிலிருந்தே விற்பனைப் பெயர் தோன்றிற்று எனக் கருத இவ்வொப்புமை இடந்தருகிறது. அக்கருத்து பிழையானது.

விற்பனையைக் குறிக்கும் சொல் 'லெய்லாவ்' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபாகும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் அவ்வாறே காட்டும். தமிழில் லகரம் மொழிக்கு முதலாவதில்லை. 'இலாபம்' என்பதுபோல் முன்னர் உயிர் சேர்த்தல் பெருவழக்கு. இங்கோ லகரமே கெட்டது. இந்தியில் அது 'நீலாம்' என நகரமாயிற்று. மலையாளம் லகரத்தைக் காத்தமையால் இரு சொற்களும் அங்கு மயங்கவில்லை. சிங்களமோ டச்சு மொழியிலிருந்து 'வெந்தேசி' என்னும் சொல்லைப் பெற்றது.

1580களில் கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன், அந்நகரின் பெருந்தெருவில் காலைதோறும் நடந்த 'லெய்லாவ்' சந்தையை விவரித்துள்ளார். ஆயினும் போர்த்துகீசியர் மலபார் மிளகை இம்முறையில் வாங்கினாரல்லர். கொச்சியில் 1503-இல் உறுதி செய்யப்பட்ட விலையையே நெடுங்காலம் வற்புறுத்தினர். தம் அனுமதிச் சீட்டின்றிக் கடலில் சென்ற கலங்களைக் கைப்பற்றினர். இதன் விளைவாக மிளகின் ஒரு பகுதி கடலை விடுத்து மலையை நாடியது. பொதிமாடுகளின் மீது பாலக்காட்டுக் கணவாய் முதலிய வழிகளில் கிழக்கே சென்றது. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கும்பினியும் ஒப்பந்த விலையையே நாடியது. அதனாலும் இக்கசிவைத் தடுக்க இயலவில்லை. கும்பினியின் ஏடுகளில் 'கள்ளக் கடத்தல்' எனப்பட்டது, கணவாய் வணிகருக்குத் தொன்றுதொட்டு வந்த தொழில்.

தனியுரிமை ஐரோப்பியரோடு நின்றுவிடவில்லை. திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மர் (1729-1758) மிளகு வாணிகத்தை அரசின் உரிமையாக்கினார். ஏலக்காயும் அவ்வுரிமையுள் அடங்கிற்று. ஃபிளூக்கிகரும் ஹான்பரியும் 1874-இல் வெளியிட்ட மருந்துப்பொருள் வரலாற்று நூல் 19ஆம் நூற்றாண்டின் நிலையைக் காட்டுகிறது. விளைவித்தோர் காய் முழுவதையும் அரசுக்கே விற்றல் வேண்டும். அரசு அதனை ஆலப்புழையில் ஏலமிட, பெரும்பாலும் மாப்பிளை வணிகர் வாங்கினர். ஆகவே மலையில் ஏலக்காய் மட்டுமே இருந்தது. ஏலம் கடற்கரையில் நடந்தது. போட்டியால் உயரும் விலை விளைவித்தோரைச் சேரவில்லை.

இன்று இடுக்கியின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் மின்னணு முறையில் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது. மலையாளத்திலிருந்து தமிழாக்குவோர் 'ஏலம்', 'லேலம்' இரண்டும் ஒரே வடிவம் பெறுவதை நினைவிற் கொள்ளல் வேண்டும். காயைக் குறிக்குமிடத்து 'ஏலக்காய்' என்றே எழுதுதல் மயக்கம் தீர்க்கும். அகராதியாளர் இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகவே கொள்ளுதல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகக் கூறின், விலை கூறும் உரிமை மலைமக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த வரலாறு மறைந்துவிடும்.