தென்னையை வீழ்த்திய வண்டு

சிங்கப்பூரின் வரலாற்றை எழுதுவோர் மிளகுக்கும் ரப்பருக்கும் தாராளமாக இடமளிப்பர். தென்னைக்கு ஓரிரு வரிகளே கிட்டும். அத்தென்னையைத் துளைத்த வண்டுக்கு அதுவும் இல்லை. ஆயினும், அவ்வண்டை ஒடுக்க இங்கு ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காத்தோங், கேலாங் வட்டாரங்களின் மணற்பாங்கான நிலத்தில் தென்னந்தோப்புகள் செழித்திருந்தன. முதல் போலீஸ் கமிஷனரான தாமஸ் டன்மனுக்கும் அங்கே பெருந்தோட்டம் இருந்தது. 1888-இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்க வந்த ஹென்றி ரிட்லி, மறு ஆண்டே தென்னையை அழிக்கும் வண்டுகளைப் பற்றி அறிக்கை எழுதினார். 1890-இல் தென்னைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பட்ட மரங்களை அப்புறப்படுத்துவது உடையவரின் கடமையாயிற்று. பெருந்தோட்டக்காரருக்கு அது ஒரு செலவுக் கணக்கு. பத்து மரங்களை நம்பி வாழ்ந்த குடியானவனுக்கோ தாங்கவொண்ணாச் சுமையாக இருந்திருக்கும். சட்டம் இயற்றுவோர் இவ்வேறுபாட்டை எண்ணுவது அரிது.

பட்ட மரத்தின்மீது ஏன் இத்தனை சினம்? இவ்வண்டின் பெயர் காண்டாமிருக வண்டு. தலையில் ஒற்றைக் கொம்பு. எகிப்து நாட்டார் கதிரவனின் வடிவாக வணங்கிய, மணலில் சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டும் இதுவும் ஒரே குடும்பம். இதன் வெண்புழு பச்சை மரத்தைத் தீண்டுவதில்லை. மட்கிய அடிமரத்திலும் சாணக் குவியலிலும் கிடந்து வளர்கிறது. சிறகு முளைத்தபின் இரவில் பறந்து, தென்னையின் குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சுகிறது. பின்னர் விரியும் ஓலை கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் தோன்றும். முளைநுனியே சிதைந்தால் மரம் மாளும். சாணம் என்றதும் சிராங்கூன் சாலையை அறிந்தோர்க்குக் கண்டாங் கெர்பாவ் மாட்டுத் தொழுவங்கள் நினைவுக்கு வரும். தோட்டம் போடுவோனுக்குச் செல்வமான எரு, தென்னைக்காரனுக்கு வண்டின் தொட்டில்!

1909-இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு இவ்வண்டு பசிபிக் தீவான சமோவாவை அடைந்தது. ரிட்லி வாழ்நாளெல்லாம் பரிந்துரைத்த பயிரே, அவர் எதிர்த்த பூச்சிக்கு வாகனமாயிற்று. 1963-இல் ஜெர்மானியரான ஹூகர் மலாயா மண்ணில் இவ்வண்டைக் கொல்லும் நச்சுயிரி ஒன்றைக் கண்டறிந்தார். 1967-இல் அது சமோவாவில் பரப்பப்பட, தென்னைகள் மீண்டன.

காத்தோங் தோப்புகள் மீளவில்லை. அவற்றை அழித்தது வண்டன்று. வீடுகளும் சாலைகளும் அவ்விடத்தை எடுத்துக்கொண்டன. வண்டோ இன்றும் இந்நகரில் வாழ்கிறது.