நுகத்தடியில் அளந்த நியாயம்: தென்மாவட்ட மாட்டு வண்டிப் பந்தயத்தில் விதியும் செலவும்

நாடு முழுக்க ஜல்லிக்கட்டு வழக்கு என்று அறியப்பட்ட வழக்கு, உண்மையில் ஒரு மாட்டு வண்டியில் தொடங்கியது. தம் கிராமத்தில் ரேக்ளா என்னும் மாட்டு வண்டிப் பந்தயம் நடத்த அனுமதி வேண்டும் என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார். 2006 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி ரேக்ளாவுக்கு மட்டுமல்லாமல் ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்தே தடை விதித்தார். அதன்பின் நடந்த பேச்செல்லாம் வாடிவாசலைச் சுற்றியே நடந்தது. வண்டி பின்னுக்குப் போய்விட்டது. மாட்டுக்கும் மனிதனுக்கும் இடையிலான நியாயத்தை நீதிமன்றங்கள் விரிவாக ஆராய்ந்தன. ஒரே சாலையில் ஓடும் ஒரு வண்டிக்காரருக்கும் இன்னொரு வண்டிக்காரருக்கும் இடையிலான நியாயமோ எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமல் ஊர்க் கமிட்டிகளின் கையில் வளர்ந்தது. அந்த வளர்ச்சியையும், இன்று அதை நெருக்கும் செலவையும் விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்துத் தேடுகிறது இக்கட்டுரை.

இந்த மண்ணில் வண்டி என்பது முதலில் வணிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களின் நாடார் வணிகர்கள் வழிநெடுகப் பேட்டைகள் அமைத்தார்கள். சரக்கும் வண்டியும் மாடும் இரவில் பத்திரமாகத் தங்கும் மதில் சூழ்ந்த இடம் பேட்டை. அதைப் பராமரிக்கச் சரக்கின் மீது எல்லாரும் மகமை என்னும் பொதுநிதிப் பங்கு கொடுத்தார்கள். பந்தயத்துக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகைக்கு ஊர்ப் பெரியவர்களின் நன்கொடை, கணக்குக்கு ஒரு கமிட்டி என்று இன்று நடக்கும் ஏற்பாடு இந்த மகமைப் பழக்கத்துக்கு நெருங்கிய உறவு என்பது என் கணிப்பு. 1876இல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை வந்ததும் நெடுந்தூரச் சரக்கு ரயிலேறியது. வண்டிகள் கிராமத்துக்கும் ரயிலடிக்கும் இடையே ஓடின.

அந்தக் காலத்தில் உழுத மாடுதான் பந்தயத்திலும் ஓடியது. திங்கட்கிழமை கமலை இழுத்து, புதன்கிழமை பருத்திப் பொதி சுமந்த மாடு, கோயில் கொடைக்கு மறுநாள் சாலையில் பாயும். இதற்கு ஒப்பாக, அமெரிக்காவின் சிற்றூர்த் தடங்களில் 'ஸ்ட்ரீட் ஸ்டாக்' என்றொரு கார் பந்தய வகுப்பு உண்டு. ஆலையிலிருந்து சாலைக்கு வந்த சாதாரணக் காரையே அதிகம் மாற்றாமல் ஓட்ட வேண்டும். உள்ளூர் மெக்கானிக்கின் கைக்கு எட்டும் செலவில் பந்தயம் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1980களின் பிற்பகுதியில் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களைக் கட்டியதும் இதே எண்ணத்தில்தான்: எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஓட்டுபவரின் திறமைக்கே முதலிடம். உழவு மாட்டு வண்டிப் பந்தயத்தில் இந்தச் சமநிலை விதி எழுதாமலே இருந்தது. பெரும்பாலோரிடம் பந்தயத்துக்கென்றே வளர்த்த மாடு இருக்கவில்லை.

டிராக்டரும் மினி லாரியும் வந்த பிறகு அந்தச் சமநிலை குலைந்தது. மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பங்கள் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குப் போயின. மாடு வைத்திருப்பவர் குறைந்தார். பந்தயத்துக்காகவே மாடு வைத்திருப்பவர் மிஞ்சினார். இந்த இடைவெளியை நிரப்பக் கமிட்டிகளிடம் இருந்த கருவி வகுப்புப் பிரிப்பு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று உருவத்தையும் உயரத்தையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். எல்லாப் பிரிவும் எல்லா ஊரிலும் நடப்பதில்லை. பெயர்களைக் கவனித்தால், மாடு சிறுக்கச் சிறுக்கப் பறவையும் சிறுக்கிறது. பாரம் இழுத்த மாடுகளுக்குச் சிறகு கட்டிய இந்தப் பெயர்களில் தென்மாவட்டச் சம்சாரியின் கற்பனையும் கணக்கும் ஒன்றாக இருக்கின்றன. தூரமும் உருவத்துக்கேற்பக் குறையும்: பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல் என்றால் சின்ன மாட்டுக்கு 6 மைல் என்பது போல. கிலோமீட்டர் வந்து இத்தனை காலம் ஆகியும் பந்தய நோட்டீஸில் மைல்தான்.

அளவெடுக்கும் இடத்தில் நின்று பார்த்தால்தான் விதியின் அருமை தெரியும். வயதை அறிய, இரண்டு பேர் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடிக்க, மூன்றாமவர் கட்டைவிரலால் கீழுதட்டை மடக்குகிறார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து முதல் சோடி முளைத்தால் ஏறத்தாழ இரண்டு வயது தாண்டியது. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்த மாடு. பிறப்புச் சான்றிதழ் இல்லாத உயிருக்கு வாய்க்குள்ளேயே சான்றிதழ். கொங்கு நாட்டு ரேக்ளாவில் இந்தப் பல் கணக்குக்கு இன்னும் அதிக மதிப்பு. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகிய ஓட்டம். வண்டிகள் தனித்தனியே ஓட, கடிகாரம் வெற்றியைச் சொல்லும். தெற்கே எல்லா வண்டியும் ஒன்றாகப் புறப்படும். முந்துவதை ஊரே கண்ணால் பார்க்கும். கடிகாரம் துல்லியமானது. ஆனால் சாரதி தன் மாட்டின் மூச்சை எட்டு மைலுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நிதானத்தை அது அளக்காது. என் மனம் தெற்குப் பக்கமே சாய்கிறது.

தெற்கத்தி எல்கைப் பந்தயத்தில் எல்கை என்னும் திரும்பும் முனை வரை போய், போன வழியே திரும்ப வேண்டும். போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, ஏற்றம் இறக்கமாகும். சாலையின் ஓரவஞ்சனையைச் சாலையே ஈடுகட்டிவிடுகிறது. எல்கையில் முதலில் திரும்புகிறவருக்குக் கொடிப் பரிசு தனி. கடைசிவரை தாக்குப்பிடிக்காத புது மாட்டுக்காரரும் பாதி வழியில் பெயர் வாங்கிக்கொண்டு போகலாம்.

செலவில்தான் விதியின் கை எட்டவில்லை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு என்று ஆண்டு முழுக்கத் தீனி. கண்மாயில் நீச்சல் பழக்க ஆள். ஊர் ஊராய் ஏற்றிப்போக வண்டி வாடகை. பெயர்போன சாரதிக்குத் தனிச் சம்பளம். முன்பு மாடு உழைத்துத் தன் தீனியைத் தானே சம்பாதித்தது. இப்போது அத்தனையும் பரிசை நம்பிய செலவு. பரிசோ நான்கு பேருக்கு மட்டும். அமெரிக்கத் தடங்களில் சில வகுப்புகளில், வென்றவரின் எஞ்சினை முன்பே குறித்த விலைக்குத் தோற்றவர் கேட்டு வாங்கலாம் என்றொரு விதி உண்டு. அதனால் யாரும் எஞ்சினில் அளவுமீறிப் பணம் போடத் துணிவதில்லை. நம் பக்கம் நேரெதிர். வென்ற சோடியின் விலை மறுநாளே ஏறும். அடுத்த ஆண்டு பெரிய மாட்டுப் பிரிவில் அந்தச் சோடியைக் காசுள்ளவர் பூட்டுவார். சிறிய பிரிவுகளுக்குத்தான் வண்டிகள் குவிகின்றன. இரண்டு சுற்றாகப் பிரித்து ஓட்டும் நிலை அங்கேதான் அடிக்கடி வருகிறது. குறைந்த தீனி, குறைந்த கட்டணம், குறைந்த தூரம் என்பதால் கூலிக்காரர் வீட்டு மாடும் பூஞ்சிட்டில் நிற்க முடிகிறது.

சட்டத்தின் கதை வேறு பாதையில் போயிற்று. 2006 தடையை 2007இல் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. 2009இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நாடு முழுக்கத் தடை செய்தது. தார்க்குச்சியும் வால் முறுக்கலும் நடந்த இடங்கள் இருந்தன. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. 2016 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் வண்டிப் பந்தயத் தடம் 2 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஆனால் வண்டிப் பந்தயத்துக்கு அதில் குறிக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. சில நாளிலேயே அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் பயனாக வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. வழக்கைத் தொடங்கிவைத்த ரேக்ளாவின் பெயர் அந்த வரையறையில் இல்லை. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தத்தம் சட்டங்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பெயரிட்டே எழுதின. மூன்று மாநிலச் சட்டங்களையும் 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது.

கரிச்சானுக்கும் பூஞ்சிட்டுக்கும் இடையே எங்கே கோடு விழுகிறது, கொடிப் பரிசு யாருக்கு, வண்டிக்குப் பின்னால் மோட்டார் பைக்கில் கத்திக்கொண்டே விரட்டுகிறவரால் முந்திய வண்டியை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு இன்றும் கமிட்டிக்காரர் சொல்தான் விதி. பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்பே சாலையோரம் சின்ன மாடுகள் வரிசையாக நிற்க, அவர் ஒவ்வொன்றின் நுகத்தடி அருகிலும் நின்று, வாயைத் திறந்து பார்த்து, நோட்டில் பேர் எழுதிக்கொண்டே போகிறார்.