அழ முடியாதவரின் வலி

கருவிலிருக்கும் சிசுவின் நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைத்துச் சிறு குழாயொன்று திறந்திருக்கும். பிறந்தபின் தானே அடைபடவேண்டிய அக்குழாய், குறைமாதக் குழந்தைகள் பலரில் அடைபடுவதில்லை. மருந்துக்கும் இணங்காவிடின், மார்பின் பக்கத்தைக் கீறி, விலா எலும்புகளை விலக்கி, அதனைக் கட்டிவிடுவர். இச் சத்திரசிகிச்சையின்போது குழந்தைக்கு வலிநீக்கி கொடுக்கப்பட்டதா? 1980களின் நடுப்பகுதிவரை மேல்நாட்டு வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கு விடை 'இல்லை' என்பதே.

கொடுக்கப்பட்டவை, வலுக்குறைந்த நைதரசு ஒட்சைட்டு வாயுவும் குயூராரே இன மருந்துமாம். பின்னது, தென்னமெரிக்க ஆதிக்குடிகள் அம்பு நுனியிலே தடவிய நஞ்சின் வழிவந்தது. அது தசைகளை முடக்குமேயன்றி உணர்வை அகற்றாது. அசையவும் அழவும் இயலாத நிலையை அமைதியென்று கொண்டனர். (ஆட்சியாளர் சிலருக்கும் இப்பழக்கம் உண்டென்பதை வாசகர் அறிவர்.)

இதற்கு ஒரு தத்துவமும் இருந்தது. நரம்புகளுக்கு மயலின் உறை முற்றாத குழந்தை வலியை அறியாது என்றனர். வளர்ந்தோரின் வலியையும் பெரும்பாலும் உறையற்ற மெல்லிய நரம்பிழைகளே கடத்துகின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அபினின் தன்மையுடைய மருந்துகள் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்திவிடும் என்ற அச்சமோ அடிப்படையற்றதன்று. ஆயினும் பென்ரனில் என்ற செயற்கை மருந்தைக் குறைமாதக் குழந்தைகள் தாங்குவர் என்பதை ரொபின்சனும் கிரெகரியும் 1981இலேயே காட்டியிருந்தனர்.

1985இல் வாஷிங்டனிலே இச் சத்திரசிகிச்சைக்குள்ளான குழந்தையொன்று சில வாரங்களில் இறந்தது. தசைமுடக்கியன்றி வேறெதுவும் கொடுக்கப்படவில்லை என்பதைத் தாய் பின்னரே அறிந்தார். இத்தகைய குழந்தைகள் வலியை உணர்வர் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அவருக்கு விடையிறுக்கப்பட்டது. நிரூபிக்கும் கடன் எவர் தலையில் ஏற்றப்பட்டது, பாருங்கள்! அத்தாய் ஓயவில்லை; 1986இல் பத்திரிகைகள் இதனை வெளிக்கொணர்ந்தன.

1987இல் இந்தியரான கன்வல்ஜீத் சிங் ஆனந்தும் அவருடைய ஒக்ஸ்போட் தோழர்களும் 'லான்செற்' இதழில் தம் ஆய்வை வெளியிட்டனர். குழந்தைகள் பதினாறு பேர். எண்மருக்கு வழக்கமான முறையுடன் பென்ரனிலும் கொடுக்கப்பட்டது, ஏனைய எண்மருக்கு வழக்கமான முறை மட்டுமே. பின்னவரின் குருதியிலே அதிரினலீன் முதலிய ஓமோன்கள் மிகுந்தெழுந்தன. சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். தாயின் சொல்லை நம்பாத துறை ஓமோனின் அளவை நம்பிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், வயதை மட்டுங் காட்டி மயக்கமருந்தை மறுத்தலாகாது என்று அறிவித்தது.

1992இல் ஆனந்தும் ஹிக்கியும் இருதய சத்திரசிகிச்சைக்குள்ளான 45 பச்சிளங் குழந்தைகளின் கணக்கை வெளியிட்டனர். ஹலோதேனும் மோர்பினும் பெற்ற 15 பேரில் நால்வர் இறந்தனர். பென்ரனிலின் இனமான சுபென்ரனிலை உயர்ந்த அளவிலே பெற்ற 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை.