பேராயரின் கையும் முப்பது ஆண்டுத் தவணையும்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஆங்கிலிக்கன் சபையின் சென்னை, திருநெல்வேலி, தோர்ணக்கல், திருவிதாங்கூர்-கொச்சி திருமண்டலங்களும், பேராயர் முறை இல்லாத மெதடிஸ்டுகளும், 1908இல் அமைந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒரே சபையானார்கள். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முடிய 28 ஆண்டுகள் ஆயின. வேதாகமத்திலும் விசுவாசப் பிரமாணங்களிலும் பெரிய தகராறு இல்லை. இழுபறியெல்லாம் ஒரு கேள்வியில்தான்: பேராயர் தலைமேல் கைவைத்துப் பட்டம் கொடுக்காதவர் முறையான குருவானவரா? இல்லை என்றவர்கள், ஆங்கிலிக்கன் மரபையே விலைபேசிவிட்டார்கள் என்று இந்த இணைப்பைத் தாக்கினார்கள். கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இதை எதிர்த்து ஒரு சிறுநூலே வெளியிட்டார். ஆனால் அவர்கள் காக்க முனைந்த விதி, தமிழ்நாட்டில் அவர்கள் நினைத்த அளவுக்குப் பழையதல்ல. அந்த விதி இங்கே வருவதற்கு முன்பே ஆங்கிலிக்கன் ஆதரவில் சபைகள் வேரூன்றியிருந்தன.

இங்கிலாந்திலேயே இந்த விதி படிப்படியாகத்தான் இறுகியது. பேராயர், குரு, உதவிக்குரு என்ற மூன்று நிலைகளும் அப்போஸ்தலர் காலம் தொட்டு இருப்பவை என்று 1550ஆம் ஆண்டின் பட்டமளிப்பு நூல் சொன்னது. ஆயினும் பேராயர் ஆட்சியை வலுவாக ஆதரித்த ரிச்சர்ட் ஹூக்கரே, தவிர்க்க முடியாத நெருக்கடியில் பேராயர் இல்லாமலும் பட்டம் கொடுக்கலாம் என்று இடம்விட்டார். உள்நாட்டுப் போரில் பேராயர் முறையே ஒழிக்கப்பட்டு, மன்னராட்சி திரும்பியபின் 1662இல் வந்த சட்டம்தான் கதவை அடைத்தது. பேராயர் கையால் பட்டம் பெறாதவர் இங்கிலாந்துச் சபையில் பணிசெய்ய முடியாது என்றானது. 1660க்கும் 1662க்கும் இடையே ஏறத்தாழ 2000 குருமார் பதவி இழந்தார்கள்.

கடல் கடந்தால் கதை வேறு. லண்டனின் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம் 18ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மிஷனரிகள் லுத்தரன் பட்டம் பெற்றவர்கள். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர் அவர்களில் ஒருவர். அவர் தலைமேல் எந்த ஆங்கிலிக்கன் பேராயரும் கைவைத்ததில்லை. அவரிடம் உபதேசியாராக இருந்த சத்தியநாதனுக்கு 1790இல் தஞ்சாவூரில் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. அந்நாளில் சத்தியநாதன் தமிழில் செய்த பிரசங்கத்தை அதே ஆங்கிலிக்கன் சங்கம் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சிட்டுப் பெருமையோடு பரப்பியது. 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் ஒரு கிராமக் கோயிலில்கூட அவர் திருவிருந்து நடத்தியிருக்க முடியாது. பாளையங்கோட்டையில் அவர் நடத்தியதை யாரும் செல்லாது என்று சொல்லவில்லை.

அப்போது இந்தியாவில் ஆங்கிலிக்கன் பேராயரே கிடையாது, அது ஆபத்துக்குச் செய்த ஏற்பாடு, அதை விதியாக்கலாமா என்று கேட்கலாம். 1814இல்தான் கல்கத்தாவுக்கு முதல் பேராயர் வந்தார் என்பது உண்மையே. ஆனால் இந்த மறுப்பு எதிர்ப்பாளர்களின் வாதத்தையே தளர்த்துகிறது. பேராயர் கை படாமல் குருத்துவமே இல்லையென்றால், எந்த நெருக்கடியும் அதை உண்டாக்கிவிட முடியாது. நெருக்கடியில் கைவிடலாம் என்றால், அது சபையின் நல்லொழுங்குக்கு உரியதே தவிர அதன் உயிர்நாடி அல்ல. பேராயர்கள் வந்தபின் விதியை இறுக்கியதன் பலனைத் திருநெல்வேலி கண்டது. சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் ரேனியஸ் ஐயரும் லுத்தரன் பட்டம் பெற்றவரே. பெருகிவந்த சபைகளுக்குக் குருமார் போதாமல், உபதேசியார்கள் சிலருக்குப் பழைய தஞ்சாவூர் முறைப்படியே பட்டம் கொடுக்க விரும்பினார். ஆங்கிலிக்கன் பேராயர்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். அவர் இங்கிலாந்துச் சபையின் முறைகளை விமர்சித்துத் துண்டுநூல் எழுத, பூசல் முற்றி, 1835இல் நீக்கப்பட்டார். சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்தபின்தான் பிளவு மெல்ல ஆறத் தொடங்கியது.

இணைப்புப் பேச்சைத் தொடங்க 1919இல் தரங்கம்பாடியில் கூடிய 33 பேரில் இருவரைத் தவிர அனைவரும் இந்தியர்கள். அவர்களை முன்னின்று நடத்திய வேதநாயகம் அசரியா, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர், வெள்ளாளன்விளையில் பிறந்த திருநெல்வேலிக்காரர். பேச்சின் முடிவில் எட்டிய ஏற்பாடு இதுதான்: இனி எல்லாப் பட்டமும் பேராயர் கையால், ஏற்கெனவே குருவாக இருப்பவர் மறுபட்டம் பெற வேண்டியதில்லை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நிலையை மறுபடி ஆராயலாம், பேராயர் பதவிக்கு இன்ன விளக்கம்தான் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இது வழவழா கொழகொழா சமரசம் என்பது எலியட் தரப்பின் கடுமையான குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை, விளக்கம் திறந்தே விடப்பட்டது. ஆனால் 1559ஆம் ஆண்டு ஜெபப்புத்தகமும் அதைத்தான் செய்தது. அப்பத்தைக் கிறிஸ்துவின் சரீரமாகச் சுட்டிய 1549ஆம் ஆண்டு வாசகத்தையும், நினைவுகூர்ந்து புசிக்கச் சொன்ன 1552ஆம் ஆண்டு வாசகத்தையும் அடுத்தடுத்து வைத்து இரு தரப்பையும் ஒரே பீடத்தில் மண்டியிட வைத்தது. தென்னிந்திய ஏற்பாடு விளக்கத்தில் தளர்வாக இருந்தாலும் நடைமுறையில் கறாரானது. பேராயர் இல்லாத எதிர்காலத்துக்கு அதில் இடமே இல்லை.

இதற்கு விலையும் உண்டு. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு பிரிவினர் 1975 வரை சேரவில்லை. 1948இல் லண்டன் லாம்பெத்தில் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் புதிய சபையின் பட்டங்களைப் பற்றி ஒருமனப்படவில்லை. 1955இல்தான் இங்கிலாந்துச் சபையின் கேன்டர்பரி, யார்க் பேரவைகள் அதன் பேராயர் கையால் பட்டம் பெற்றவர்களை முறையானவர்களாக ஏற்றன. கொள்கை வாதத்தில் ஒரு தரப்பு மற்றதை வென்றதால் வந்த ஏற்பு அல்ல அது. வாதம் தீரும்வரை காத்திராமல் கூடி வழிபடத் தொடங்கிய சபை எட்டு ஆண்டுகள் நடந்து காட்டியிருந்தது. சபையைக் கூட்டி நடத்திக்கொண்டே கோட்பாட்டைப் பிறகு பேசுவது இங்கிலாந்துச் சபை 1559இல் கைக்கொண்ட வழி. அந்த வழியைத் தென்னிந்தியர் பின்பற்றியபோது மரபு மீறல் என்றவர்கள், தங்கள் மரபில் 1662க்குப் பிந்தைய பாதியை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள்.