திருப்பிப் படித்த பெயர்

லெனின் என்ற பெயரை ஒலி ஒலியாகப் பிரித்து, கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள். ல், எ, ன், இ, ன் என்பது தலைகீழாகி ன், இ, ன், எ, ல் என்று நிற்கும். தமிழிலே னகரம் சொல்லுக்கு முதலாகாது. எனவே நகரமிட்டு ‘நினெல்’ என்று எழுதுவோம். வகுப்பறைக் கரும்பலகையிலே பிள்ளைகள் எழுதிப் பார்த்துச் சிரிக்கும் சொல் விளையாட்டுப் போலத் தோன்றும். விளையாட்டன்று. சோவியத் நாட்டிலே பெற்றோர் தம் பெண் மகவுக்குச் சூட்டி மகிழ்ந்த பெயர் அது. பதிவேட்டிலே ஏறிய பெயர். பள்ளியிலே அழைக்கப்பட்ட பெயர். ஆடலரங்கிலே கைதட்டல் பெற்ற பெயர். அரிய பெயர்தான், எனினும், அந்த ஐந்து ஒலிகளுக்குப் பின்னே ஒரு நாட்டின் கதை இருக்கிறது. அந்தக் கதை நமக்கும் பாடம் சொல்கிறது.

ஜாரின் ஆட்சியிலே, பிறந்த குழந்தைக்குப் பெயர் தரும் உரிமை யாரிடம் இருந்தது? பெற்றவளிடமா? இல்லை, பெயர்ப் பட்டியல் திருச்சபையின் கையிலே இருந்தது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் இன்னின்ன புனிதர் என்று எழுதிவைத்த நாட்குறிப்பு ஒன்று உண்டு. பாதிரியார் அதைப் புரட்டுவார், பெயர் பிறக்கும். நம் ஊரிலே பஞ்சாங்கத்தைப் புரட்டி, நட்சத்திரம் பார்த்து, “இந்த எழுத்திலே தொடங்குங்கள்” என்று சொல்லுகிறார்களே, அதற்கு அண்ணன் முறை! கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் இலத்தீனிலும் பிறந்த பெயர்கள், பொருள் விளங்காமலே உருசிய உழவன் தலையிலே ஏறின. எழுத்தாளர் கோகோல், 1842இல் வெளியான ‘மேலங்கி’ என்னும் கதையிலே இந்த வேடிக்கையைக் காட்டியிருக்கிறார். நாட்குறிப்பைத் திருப்பத் திருப்ப, மோக்கி என்றும் சோஸ்ஸி என்றும் வாயில் நுழையாப் பெயர்களே வருகின்றன. அலுத்துப்போன தாய், கணவன் பெயரையே மகனுக்கும் வைத்துவிடுகிறாள். அகாக்கியின் மகன் அகாக்கி! படித்தவர் சிரித்தனர். ஆனால், நாட்குறிப்பு அசையவில்லை.

1917 வந்தது. அரியணை சரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, பிறப்பையும் மணத்தையும் அரசு அலுவலகத்திலே பதிவதற்கான ஆணை பிறந்தது. 1918 தொடக்கத்திலே திருச்சபை வேறு, அரசு வேறு என்று பிரிக்கப்பட்டது. பள்ளியும் திருச்சபையின் பிடியிலிருந்து விடுபட்டது. திருமுழுக்கு இல்லையென்றால் பெயரில்லை என்ற நிலை போயிற்று. எழுத்தர் எழுதுகோலோடு காத்திருந்தார். பெற்றோர் தாம் விரும்பிய பெயரைச் சொன்னார்கள். நூற்றாண்டுகளாகப் பூட்டிக்கிடந்த கதவு அது!

கதவு திறந்ததும் பெயர்கள் பொங்கி வந்தன. திருமுழுக்கு விழாவுக்கு மாற்றாக, தொழிற்சாலை மன்றங்களிலே ‘அக்டோபர் விழா’ என்று புதுப் பெயர்சூட்டு விழா நடத்தினார்கள். சிலுவையில்லை, செங்கொடி இருந்தது. நீரில்லை, வாழ்த்துரை இருந்தது. மார்க்சையும் லெனினையும் இணைத்து மார்லென், வி. இ. லெனின் என்பதைச் சுருக்கி விலென். விளாதிமிரையும் லெனினையும் சேர்த்து விளாத்லென். இளைஞர் கம்யூனிஸ்ட் அகிலத்தின் முதலெழுத்துகளால் கிம். புரட்சித் திங்களின் பெயரால் அக்தியாப்ரினா. இந்த வரிசையிலே வந்தவள்தான் நினெல். 1923இல் ட்ராட்ஸ்கி, குடும்பச் சடங்குகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலே இந்தப் பெயரையும் எடுத்துக்காட்டுகிறார். அப்போது லெனின் உயிரோடிருந்தார். 1924 ஜனவரி 21இல் அவர் மறைந்தார். சில நாட்களிலேயே பெத்ரோகிராத் நகரம் லெனின்கிராத் ஆயிற்று. நகருக்கு ஏறிய பெயர் தொட்டிலுக்கும் ஏறியதிலே வியப்பில்லை.

இதிலே ஒரு நகைப்பும் உண்டு. லெனின் என்பது புனைபெயர். பெற்றோர் இட்ட பெயர் விளாதிமிர். அது யார் பெயர்? 988ஆம் ஆண்டிலே கீவ் நாட்டு மக்களைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவந்து, புனிதர் பட்டியலிலே இடம்பெற்ற அரசனின் பெயர்! திருச்சபையை அரசிலிருந்து பிரித்த தலைவர், திருச்சபையின் தலைமைப் புனிதர்களில் ஒருவர் பெயரை வாழ்நாள் முழுதும் தாங்கினார். அதனால் அவர் கொள்கை குறைந்ததா? இல்லை. பெயர் ஒருவரைப் பக்தராக்குவதுமில்லை, புரட்சியாளராக்குவதுமில்லை என்பதற்கு வேறு சான்று எதற்கு?

புதுமை பொங்கிய அந்நாளிலே பிறந்த பெயர்கள் பல ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. நினெல் நிலைத்தது. காரணம், கொள்கையைக் காட்டிலும் இலக்கணம்! உருசிய மொழியிலே எழுதும்போது அந்தப் பெயரின் இறுதியிலே மென்மைக் குறி ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தச் சிறு குறி, ஒலியை மென்மையாக்கிப் பெண்பாற் பெயராக்கியது. நீனா என்ற பழகிய பெயரின் சாயலும் அதிலே இருந்தது. பாட்டி காதுக்கும் உறுத்தவில்லை; பேரன் பேத்திகளும் கேலி செய்யவில்லை. மொழியின் இயல்போடு ஒத்துவந்த புதுமை வாழ்ந்தது. முரண்டிய புதுமை மாய்ந்தது. ஆயினும், நினெல் பெருவழக்காகிவிடவில்லை. சிற்றூர்களிலே இவானும் மரியாவும் அன்னாவுமே நிறைந்திருந்தார்கள். 1930களிலேயே புதுப் பெயர்களின் வேகம் தணிந்தது.

1929இலே லெனின்கிராதில் பிறந்தார் நினெல் குர்காப்கினா. புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞர். கீரவ் அரங்கின் முதன்மை ஆடலரசிகளுள் ஒருவர். அவருக்குக் கலை பயிற்றிய ஆசிரியை அக்ரிப்பினா வாகனவா. அக்ரிப்பினா என்பது பழைய புனிதர் பட்டியலின் பெயர். பட்டியல் பெயர் கொண்ட ஆசிரியை, புரட்சிப் பெயர் கொண்ட மாணவிக்கு ஆடக் கற்றுத்தந்தார். பாதங்கள் இரண்டு பெயரையும் பார்க்கவில்லை. 1991இலே லெனின்கிராத் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று. 2009இல் குர்காப்கினா மறைந்தபோது, அவர் பிறந்த ஊர் பெயர் மாறியிருந்தது. அவர் பிறந்த அரசே மறைந்திருந்தது. நினெல் என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால், அன்று அது லெனினை நினைவூட்டிய பெயரா? இல்லை, அவருடைய ஆடலை நினைவூட்டிய பெயர். கடன் வாங்கிய பெயரை, உழைப்பால் சொந்தமாக்கிக்கொண்டார் அந்த அம்மையார்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. எங்கெல்ஸ் பெயரால் எங்கெல்சினா என்று அழைக்கப்பட்ட சிறுமியை நினையுங்கள். அவள் அண்ணன் பெயர் விளாத்லென். தந்தை புரியாத்-மங்கோலியக் குடியரசிலே வேளாண்மைத் துறையின் தலைவர். 1936 ஜனவரி 27இல் கிரெம்ளினிலே, ஏழு வயதுச் சிறுமி ஸ்டாலினுக்கு மலர்க்கொத்து தந்தாள், அவர் அணைத்துக்கொண்டார், படம் நாடெங்கும் பரவியது, சிலையும் எழுந்தது. அடுத்த ஆண்டு தந்தையைக் கைது செய்தார்கள். 1938இல் சுட்டுக்கொன்றார்கள். தாயை நாடு கடத்தினார்கள். அங்கேயே அவள் மாண்டாள். ‘மக்கள் பகைவன்’ மகள் தலைவர் தோளிலே இருக்கலாமா? படத்தை எடுத்துவிட முடியாது, அவ்வளவு பரவிவிட்டது. எனவே படத்தை விட்டுவிட்டுப் பெயரை எடுத்தார்கள்! பருத்தி பறித்துப் புகழ்பெற்ற மம்லகாத் என்ற தாஜிக் சிறுமியின் பெயரை அந்த முகத்துக்கு ஒட்டினார்கள். பிள்ளைகள் பெயரிலே எங்கெல்சும் இருந்தார், லெனினும் இருந்தார். இருவராலும் அந்த வீட்டைக் காக்க முடிந்ததா?

புனிதர் பெயர் இட்டால் புனிதர் காப்பார் என்று நம்பினான் பழைய உழவன். தலைவர் பெயர் இட்டால் கொள்கை தானே வளரும் என்று நம்பினான் புதிய தொண்டன். முன்னது மூடநம்பிக்கை என்று கண்ட கண்கள், பின்னதைக் காண ஏன் தயங்க வேண்டும்? நாட்குறிப்பின் பூட்டை உடைத்தது பெரும் செயல், அதைப் போற்றுவோம். உடைத்த கையாலேயே புதுப் பூட்டு மாட்டினால், சாவி மாறுமே தவிர, சிறை மாறாது.

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. 1932இல் சோவியத் நாட்டைக் கண்டு திரும்பிய பெரியார், குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயரிட்டதுண்டு. லெனின், ஸ்டாலின், இங்கர்சால் என்ற பெயர்களும் நம் தெருக்களிலே உலவுகின்றன. சாதியையும் சாமியையும் சுமந்த பெயர்களுக்கு நடுவே அவை அறைகூவலாக எழுந்தன, தவறில்லை. ஆனால், பெயரைச் சூட்டியதோடு கடமை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நூல் கொடுங்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள். தன் பெயருக்குரியவரையே எதிர்த்துக் கேள்வி கேட்கும் துணிவையும் கொடுங்கள்.

காலையிலே வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைக்கிறேன். ஒவ்வொரு பெயரும் யாரோ ஒரு பெரியவருடையது, தெய்வத்தினுடையது, தாத்தாவினுடையது. ஆனால் “உள்ளேன் ஐயா” என்று எழும் குரல் இருக்கிறதே தோழர்களே, அது அந்தப் பிள்ளையினுடையது. பெயர் நாம் கொடுத்தது. குரல் அவர்களுடையது. அதை வளர்ப்பதே நம் வேலை.