தீயும் கோப்பும்: ‘மோகமுள்’ளுக்குள் இருக்கும் தஞ்சை

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போய்வருகிறவர்கள் ‘சத்திரம்’ என்ற சொல்லை நாளெல்லாம் கேட்கிறார்கள். இன்று அது ஒரு பேருந்து நிலையத்தின் பெயர், அவ்வளவே. ஒரு காலத்தில் அச்சொல், வழிப்போக்கனுக்குச் சோறும் கூரையும் உண்டு என்று ஆண்டவர்கள் அளித்த வாக்குறுதி. குலங்கள் போன பின்னும் சொற்கள் தங்கிவிடுகின்றன. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலை வரலாறாக வாசிக்க விரும்புகிறவர் இந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.

தஞ்சை மராட்டியர் தாங்கள் கட்டிய சத்திரங்கள் பலவற்றுக்கு அரசகுலப் பெண்களின் பெயரைச் சூட்டினர். ஒரத்தநாட்டில் இருப்பது இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம். நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம். அவ்வூருக்கே யமுனாம்பாள்புரம் என்றொரு பெயர் உண்டு. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினியிடம் ஒப்படைத்த சரபோஜிக்கு மிஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடாவும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான். 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் சத்திரங்களைப் பற்றியது. சாதி பாராமல் வழிப்போக்கருக்கு உணவு, நோயாளிக்கு மருந்து, கர்ப்பிணிக்குப் பராமரிப்பு என்று அங்கே நடப்பவற்றை விளக்கி, அந்தத் தர்மம் நின்றுவிடக் கூடாது என்று மன்றாடுகிறார். அதிகாரம் இழந்த அரசன் கடைசியாகப் பற்றிக்கொண்டது அன்னமிடும் உரிமையை.

1855 அக்டோபரில் தென்னகத்தின் இரண்டு அரச பரம்பரைகள் ஒருசேர முடிவுக்கு வந்தன. கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கானும், தஞ்சையின் இரண்டாம் சிவாஜியும் ஆண்வாரிசின்றி அந்த ஒரே மாதத்தில் இறந்தார்கள். திருச்சியைத் தன் கோட்டையாகக் கொண்டு 1751இன் முற்றுகையைத் தாங்கி நின்ற முகம்மது அலி வாலாஜாவின் வழி அது. நவாபின் பட்டம் ஒழிக்கப்பட்டது. தஞ்சையில் பட்டத்தோடு அரண்மனையின் உடைமைகளும் கைப்பற்றப்பட்டன. மூத்த அரசி காமாட்சி பாயி சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். ஆனால் 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைப் புரட்டியது. இது அரசின் செயல். எனவே இதில் நியாயம் எது என்று விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் வாதம். 1862இல் சென்னை அரசு உடைமைகளை அரசியருக்குத் திருப்பிக் கொடுத்தது. உரிமையாக அன்று, கருணையாக. அதன்பின் அரசியருக்குள்ளேயே வழக்குகள் எழுந்தன.

இதை அயர்லாந்தின் ஆங்கிலோ-ஐரிஷ் நிலவுடைமையாளர்களின் வீழ்ச்சியோடு வைத்துப் பார்க்கலாம். அவர்களும் வெளியிலிருந்து வந்து ஆண்டவர்கள். சில தலைமுறைகளுக்குப் பின் எந்த ஊருக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் போனவர்கள். எலிசபெத் போவன் 1929இல் எழுதிய ‘தி லாஸ்ட் செப்டம்பர்’ அவர்களுடைய நாவல். 1920இன் கார்க் மாவட்டம்; வெளியே கெரில்லாப் போர், உள்ளே டென்னிஸ் விருந்து. இறுதியில் டேனியல்ஸ்டவுன் மாளிகை தீக்கிரையாகிறது. அங்கே ஒரு வர்க்கத்தின் முடிவுக்கு ஓர் இரவும் ஒரு தீயும் உண்டு. தஞ்சையில் யாரும் எதையும் கொளுத்தவில்லை. கோப்புகளும் தீர்ப்புகளும் ஓய்வூதியப் பட்டியல்களும் மெதுவாக வேலையை முடித்தன. எரிந்த வீட்டைப் பற்றி எழுதுவது எளிது. இருந்த இடத்திலேயே மெலிந்துபோன வீட்டை எழுதுவதற்கு ஜானகிராமன் தேவைப்பட்டார்.

1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்த ‘மோகமுள்’ளை நாம் இசையின் நாவலாகவும் காமத்தின் நாவலாகவும் வாசித்துப் பழகியிருக்கிறோம். பாபுவின் பக்கமிருந்து பார்த்தால் அது சரியே. யமுனாவின் பக்கமிருந்து பார்த்தால் அது வேறு நாவல். அவள் தாய் பார்வதி தஞ்சை மராட்டிய வழிவந்தவள். தந்தை, வேறு குடும்பம் உள்ள சுப்ரமணிய ஐயர். அவர் இருக்கும்வரை அந்த வீட்டில் செழிப்பு இருந்தது. அவர் போனதும் நிலத்தின் வருவாய் மற்றக் குடும்பத்தின் தயவுக்கு உட்பட்டதாகிறது. பிரிவி கவுன்சில் ஓர் அரசிக்குச் சொன்ன பதிலை இங்கே ஒரு குடும்பம் ஒரு விதவைக்குச் சொல்கிறது: கொடுத்தால் கருணை, கேட்டால் உரிமையில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் யமுனாவின் அழகை வியந்துவிட்டுப் பிறப்பைக் கேட்டு எழுந்துபோகிறார்கள். பிராமணர்களுக்கு அவள் மராட்டியப் பெண். மராட்டியர்களுக்குப் பிராமணனின் மகள். அவளிடம் எஞ்சியிருப்பது அந்த நிமிர்வு மட்டுமே. பாபு வழிபடுவதும் அதைத்தான். ஆனால் அந்த நிமிர்வு எந்த வரலாற்றின் மிச்சம் என்று அவன் யோசிப்பதே இல்லை.

கடைசியில் வறுமையில் நொடிந்து அவள் சென்னையில் பாபுவைத் தேடி வருகிறாள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் என்ற பெயர் ஊருக்கு அன்னமிட்டது. நாவலில் அதே பெயர் கொண்டவள் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி தேடுகிறாள். நாவலாசிரியர் பிறந்த தேவங்குடியோ மன்னார்குடிப் பக்கம்; நீடாமங்கலம் அங்கிருந்து தொலைவில்லை. இந்தப் பெயர்ப் பொருத்தம் திட்டமிட்டதாக இருக்க வேண்டியதில்லை. அந்த மண்ணில் காலம் காலமாகப் புழங்கிய பெயர் அது, அதுவே போதுமானது.

1995இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் ‘மோகமுள்’ திரைப்படமானது. முதல் படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருதை அது பெற்றது. நெடுமுடி வேணுவின் ரங்கண்ணாவும் இளையராஜாவின் இசையும், வாசகன் மனத்துக்குள் மட்டும் கேட்ட சங்கீதத்துக்குச் செவி தந்தன. யமுனாவாக நடித்த அர்ச்சனா ஜோக்லேகர் மராட்டியப் பெண்மணி என்பது நல்ல தேர்வு. ஆயினும் படத்தில் அந்த மராட்டியத்தன்மை ஒரு முகமாக நிற்கிறது, வரலாறாக விரிவதில்லை. திரைக்குக் காமம் தெரியும், கச்சேரி தெரியும். ஆண்டுக்கணக்கில் ஒரு வீட்டின் நெல் குறைந்துகொண்டே வருவதைக் காட்டுவது கடினம்.

இது நம் படத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. போவனின் நாவலை 1999இல் டெபோரா வார்னர் படமாக்கியபோது, ஜான் பான்வில்லின் திரைக்கதை கிளர்ச்சிக்காரன் ஒருவன்பால் நாயகிக்கு ஏற்படும் ஈர்ப்பைப் பெரிதாக்கியது. அங்கும் ஆசை முன்னே வர, வர்க்கம் பின்னே போயிற்று. விதிவிலக்கு, தாராசங்கர் பந்தோபாத்யாயின் கதையிலிருந்து சத்யஜித் ராய் எடுத்த ‘ஜல்சாகர்’ (1958). உண்மையில் சிதைந்துகொண்டிருந்த நிம்திதா அரண்மனையிலேயே காமிராவை வைத்தார் ராய். சுவரே கதை சொன்னது. யமுனாவுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. துக்காம்பாளையத் தெருவில் ஒரு சாதாரண வீடுதான் இருந்தது. அவள் உடலே அந்த அரண்மனை.

போவனின் சொந்த மாளிகையான போவன்ஸ் கோர்ட் கலவரத்தில் எரியவில்லை. பராமரிக்கப் பணமில்லாமல் 1959இல் அதை விற்றார்; வாங்கியவர் 1961இல் இடித்தார். நாவலில் தீ, வாழ்க்கையில் கிரயப் பத்திரம். தஞ்சையில் சரஸ்வதி மகால் 1918இல் பொதுநூலகமாகிப் பிழைத்தது. சுவடிகளுக்குக் கிடைத்த அந்தக் காப்பு மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருத்தியின் கணக்கை எழுதி வைத்த ஏடு என்று ‘மோகமுள்’ளை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். பாபுவின் இருபது வயதுத் தவிப்பு அப்போது சற்றுச் சிறியதாகத் தெரியும். யமுனா பெரியவளாகத் தெரிவாள்.