ஹெரால்டின் அடிவயிறு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? அம்பாசிடர், ஃபியட் என்று இரண்டே இரண்டு ஜாதிக் கார்கள் நம் ஊரை ஆண்ட காலத்தில் மூன்றாவதாக ஓடிய சின்னக் கார். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் மொத்தமும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும். எஞ்சின் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், கே.எல்.டி. நம்பரோடு ஒன்று நின்றிருந்தது. அந்த வீட்டுப் பையன் இப்போது துபாயில். போன மாதம் போனில் கேட்டான்: "அண்ணா, அப்பாவோட கார் ஷெட்ல கிடக்கு. ஆர்.சி. புதுப்பிக்கணும்னா ஆர்.டி.ஓ. முன்னாடி நிறுத்தணுமாம். எதுல எல்லாம் ஃபெயில் ஆகும்?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது கவென்ட்ரியில். ஹெரால்டு பிறந்த ஊர் இது. இங்கே அந்தக் காரை வைத்திருக்கும் பெரியவர்கள் எதில் ஃபெயில் ஆகும் என்பதைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ஆனால் அது ஏன் அங்கே ஃபெயில் ஆகிறது என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேண்டும்.

1953-ல் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி கட்டும் கம்பெனியை பி.எம்.சி. வாங்கிவிட்டது. மாரிஸ், ஆஸ்டின் எல்லாம் அவர்கள் கார்கள்தான். அதுவரை அங்கே பாடி வாங்கிக்கொண்டிருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குத் தலைவலி. போட்டிக்காரன் தயவில் எத்தனை நாள் கார் விற்பது? அந்த நாளில் எல்லோரும் சேஸியே இல்லாத, பாடியே எலும்புக்கூடாக இருக்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் திரும்பவும் பழைய முறைக்கே போனார்கள். கீழே தனியாக ஒரு இரும்புச் சேஸி. மேலே பல இடங்களில் செய்த தகடுகளைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி அதற்கு அழகாக உருவம் கொடுத்தார். 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது.

போல்ட் போட்டுச் சேர்ப்பது என்பதால் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவதும் சுலபம். 1961-ல் சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது இப்படித்தான். பிறகு இங்கிலாந்துக்காரனே செய்யாத நாலு கதவு ஹெரால்டையும் நம் ஆட்கள் செய்தார்கள். (இதை இங்கே கிளப்பில் சொன்னால் பாதிப்பேர் நம்புவதில்லை!)

இப்போது காரின் அடியில் போவோம். நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு நீளச் சட்டங்கள். அவற்றிலிருந்து இருபக்கமும் கை நீட்டின மாதிரி சின்னச் சட்டங்கள். இதற்கு அவுட்ரிக்கர் என்று பேர். பாடி இவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் உள்ளே கூடான பெட்டிகள். சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் உள்ளே போனால் வெளியே வராது. துரு உள்ளிருந்து வெளியே வரும். மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கும், கீழே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். கம்பெனியைக் காப்பாற்றிய அதே சேஸிதான் காரைக் கொல்வதும்.

பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற வருடாந்திரச் சோதனை 1960-ல் வந்தது. முதலில் பத்து வயதான கார்களுக்கு மட்டும். பிரேக், லைட், ஸ்டியரிங், அவ்வளவுதான். 1967-ல் மூன்று வயதுக்கே சோதனை என்று ஆக்கினார்கள். 1977-ல் பாடியும் சேஸியும் பட்டியலில் சேர்ந்தன. அப்புறம் ஹெரால்டுக்காரர்கள் பாடு திண்டாட்டம். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மாதிரி முக்கியமான பாகம் பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பெரிய துரு இருந்தால் ஃபெயில்.

துருவுக்கு அடுத்து ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடியில், மரை போட்ட ஒரு வெண்கலத் துண்டு. சக்கரம் திரும்பும்போதெல்லாம் இந்த மரைக்குள்தான் அந்த இரும்பு சுழல்கிறது. இதற்கு கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது கம்பெனி விதி. கையில் கிரீஸ் கன் இருக்கிற மெக்கானிக் எந்த ஊரிலும் கிரீஸைத்தான் அடிப்பார். கிரீஸ் மரைக்குள் முழுக்கப் போகாது, தண்ணீர் போகும். ஒரு நாள் இரும்பு உடைந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஆகவே சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்காமல் இந்தக் காரை ரோட்டில் இறக்காதீர்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. ஆனால் ஃபெயில் ஆக அதுவே போதும். ஸ்டியரிங் ராக்கைப் பிடிக்கும் ரப்பர், எஞ்சின் ஆயில் பட்டு ஊறி இளகியிருக்கும். பின்சக்கர பிரேக் சிலிண்டர் இறுகி, ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் வஸ்து. கடல் பக்கம், வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், ஓடாமல் ஷெட்டில் நிற்கிற கார் என்றால் சொல்லவே வேண்டாம். லைட் மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். போல்ட் போட்ட தகடுகளுக்கு நடுவே துருப்பிடித்து எர்த் விட்டுப்போயிருக்கும்.

சரி, நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அப்புறம் சோதனைக்கு நிறுத்தி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். இங்கே சேஸி நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போக வேண்டும் என்பது முதல் விஷயம். துரு அந்த எழுத்தைத் தின்றுவிட்டால் மற்ற எதுவும் பிரயோஜனமில்லை.

2021 ஜூலையில் இன்னொரு வழி திறந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டி வின்டேஜ் கணக்கில் வரும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து, 10 வருஷத்துக்குப் பதிவு. ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் இறக்கலாம். சாலை பஜாருக்குக் காய்கறி வாங்கப் போக முடியாது. சேஸியையோ பாடியையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. பிரிட்டனில் நேர்மாறு. 2018 மே முதல் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத காருக்கு எம்.ஓ.டி.யே கட்டாயமில்லை, தினமும் ஓட்டலாம். அதே மாதிரியான புதுச் சேஸி போட்டால் அது மாற்றமாகவே கணக்கில்லை. எனக்கென்னவோ இரண்டுமே கோணலாகத்தான் படுகிறது. துருவுக்கு வயது பார்த்துச் சலுகை தரத் தெரியுமா என்ன?

துபாய்த் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பெயிண்டருக்கு ஒரு பைசா கொடுக்காதே. முதலில் காரைத் தூக்கி அவுட்ரிக்கரைக் குத்திப் பார்க்கச் சொல். எல்லாம் நல்ல நிலையில் இருந்தால், அப்பாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிற காராகவே வைத்துக்கொள், ஐந்து வருஷப் புதுப்பித்தல் போதும். இரண்டு மூன்று போயிருந்தால், வெல்டிங்கில் கை வைக்குமுன் வி.ஏ. விதியில் "பெரிய மாற்றம்" என்று எதைச் சொல்கிறார்கள் என்று ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

ஓணத்துக்கு ஊருக்குப் போகிறானாம். கியர் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.